காகித உறையில் வந்த இலைகள்

“செடி பொய் சொல்லுமா?”

ஒன்பது வருஷங்களுக்கு முன்னால், ஒரு மழைநாள் சாயங்காலம், பள்ளிக்கூட வாசலில் நின்ற ஏழு வயதுப் பெண் ஒருத்தி, தள்ளுவண்டியில் நாற்று விற்கிறவரிடம் கேட்ட கேள்வி இது. அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அம்மா அரசாங்கத் தடயப் பரிசோதனைக் கூடத்தில் பகுப்பாய்வாளர். அம்மாவுக்கு என்ன வேலை என்று அன்று வகுப்பில் கேட்டபோது, “செடிகிட்ட உண்மையக் கேட்டு எழுதிக் குடுப்பாங்க” என்று அவள் சொல்ல, வகுப்பே சிரித்திருந்தது. நாற்றுக்காரர் சிரிக்கவில்லை. எதையோ மென்று விழுங்குகிறவர்போலக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அதுக்கு ஏது பாப்பா நேரம்? தண்ணி குடிக்கவும் வெயில் காயவுமே பொழுது சரியாப் போயிருது” என்றாராம்.

அம்மா அன்று இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாள். இயந்திரத்தில் ஏதோ கோளாறு. விட்டுவிட்டு வர முடியவில்லை. தெருவே தெரியாத மழை. முன்பின் தெரியாத ஓர் ஆள் நீலத் தார்ப்பாயை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையை மகளின் தோளில் வைத்திருந்ததைத்தான் அவள் முதலில் பார்த்தாள். பயமும் குற்ற உணர்ச்சியும் சேர்ந்து கோபமாகிவிட்டன. “யாருய்யா நீ? கைய எடு. பிள்ளைக்கு என்ன குடுத்த?” என்று கத்திவிட்டாள். அந்த மனிதர் கையை எடுத்துக்கொண்டார். மகளின் கையில் இருந்த சின்னச் செம்பருத்திக் கன்றைக் கண்ணால் காட்டிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். தார்ப்பாயை மடிக்கக்கூட இல்லை. மறுநாள் காவலாளி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. அது நாற்றுகளின்மேல் போட்டிருந்த தார்ப்பாய். பிள்ளைக்காக எடுத்ததில் அன்றைய நாற்று முழுக்க மழையில் அடிபட்டுக் குழைந்து போயிற்று. அவள் இரண்டு மூன்று முறை பள்ளி வாசலுக்குப் போய்த் தேடினாள். அந்த வண்டி பிறகு அங்கே வரவில்லை. அவர் பெயர் என்ன, ஊர் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளவும் ஆள் இல்லை. மனசுக்குள் ஒரு முள் மட்டும் தங்கிவிட்டது. கடவுள் தண்டிப்பவர் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. நினைவூட்டுபவர் என்று நம்பினாள்.

அவர் நினைவூட்டியது நீதிமன்றத்தில்.

சாட்சிக் கூண்டின் கைப்பிடியில் பல பேருடைய உள்ளங்கைகள் பட்டுப்பட்டு மெருகு போயிருந்தது. அவள் அதைப் பற்றிக்கொண்டு, மனப்பாடமாகிவிட்ட வாக்கியங்களைச் சொன்னாள். நைட்ரஜன் அணுக்களில் லேசானவை உண்டு, கனமானவை உண்டு. தொழிற்சாலை உரத்தில் வளர்ந்த செடியில் கனமானது குறைவு. மாட்டு எரு, கோழி எரு போட்டு வளர்த்த செடியில் அது கொஞ்சம் கூடுதல். எவ்வளவு கூடுதல் என்று இயந்திரம் ஓர் எண்ணாகச் சொல்லும். கைப்பற்றப்பட்ட கஞ்சா இலைகளில் அந்த எண் பதினொன்று.

வழக்கு சிக்கலானது அல்ல. ஒரு பூ நிறுவனத்தின் பெரிய கண்ணாடி வீடு. பக்கத்திலேயே ஒரு சின்ன நாற்றுப்பண்ணை. இரண்டு வேலிகளுக்கும் நடுவில் கைவிடப்பட்ட தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகையில் காயப்போடுவதற்காக வெட்டிக் கட்டிய செடிகள் சிக்கின. எந்தப் பக்கத்தில் வளர்த்துக் கொண்டுவந்தார்கள் என்பதுதான் கேள்வி. கண்ணாடி வீட்டில் குழாய் வழியாகத் தொழிற்சாலை உரம் மட்டும். அங்கே எடுத்த பூச்செடி இலையில் எண் ஒன்று. நாற்றுப்பண்ணையில் எரு மட்டும். அங்கே எடுத்த நாற்றில் எண் ஒன்பது. பதினொன்று எதற்கு அருகில் என்று சொல்ல ரசாயனம் படித்திருக்க வேண்டியதில்லை. அவளுடைய அறிக்கை போன பிறகுதான் நாற்றுப்பண்ணைக்காரரைச் சிறையில் வைத்தார்கள். குற்றம் உறுதியானால் பத்து வருஷம்.

எதிர்த் தரப்பு வக்கீல் இளைஞர். கேட்க வேண்டியது எதுவென்று தெரியாமல், இலைகள் எந்த நிலையில் வந்தன என்று மட்டும் கேட்டார்.

“காகித உறையில், உலர்ந்த நிலையில் வந்தன” என்றாள்.

நீதிபதி குற்றவாளிக் கூண்டைப் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அங்கே நின்ற மனிதர் எதையோ மென்று விழுங்குகிறவர்போல யோசித்தார். “எரு போட்டுத்தான் வளக்கறேங்கய்யா. அது தப்புன்னு யாரும் சொல்லல” என்றார். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அந்த யோசிக்கிற இடைவெளியை மகள் எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறாள். செம்பருத்திக் கன்றைக் காட்டிய அந்தக் கண்களும் அவளுக்குத் தெரியும். முகம் ஒன்பது வருஷம் வயதாகி மெலிந்திருந்தது. நகக்கண்களில் மண் இல்லை. கூண்டிலிருந்து இறங்கி அவரைக் கடந்து போகும்போது, வழி விடுவதற்காக அவர் காலை ஒடுக்கிக்கொண்டார். அவளை அடையாளம் தெரிந்துதான் ஒடுக்கினாரா, தெரியாமலா என்பதை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வருகைச் சான்றிதழுக்காகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த சாட்சி, இலைகளைக் கூடத்தில் கொண்டுவந்து கொடுத்த போலீஸ்காரர். தன் வேலையில் பெருமை உள்ள பையன். “ஒரு இலைகூடச் சிந்தல ஐயா. பச்சையாவே பிளாஸ்டிக் பையில போட்டு இறுக்கிக் கட்டி, பன்னெண்டு நாள் ஸ்டேஷன்ல பத்திரமா வச்சிருந்து, நானே கொண்டுபோய்க் குடுத்தேன்.”

தட்டச்சர் அதைத் தட்டினார். வக்கீல் கோப்பைப் புரட்டினார். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வழக்கைப் பதினெட்டு நாள் தள்ளி வைத்தார். காகித உறை என்று ஒரு சாட்சி, பிளாஸ்டிக் பை என்று இன்னொரு சாட்சி. ஐந்து நிமிஷ இடைவெளியில் சொன்ன இரண்டையும் அந்த அறையில் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை, அவளைத் தவிர. பச்சை இலையைக் காற்றுப் புகாமல் கட்டி வைத்தால் அது புழுங்கி அழுகும். அழுகும்போது நைட்ரஜன் அம்மோனியாவாகி வெளியேறும். முதலில் ஓடிப்போவது லேசான அணுதான். கனமானது தங்கிவிடும். எந்த உரத்தில் வளர்ந்த செடியானாலும், அழுகி முடிந்தபின் எருவில் வளர்ந்ததுபோலக் காட்டும்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இலையில் இருக்க வேண்டிய நைட்ரஜனில் பாதிதான் அன்று இருந்தது. சத்துக் குறைவாக வளர்ந்த செடி போலிருக்கிறது என்று எண்ணி அவளே அந்த இடத்தைக் கடந்து போயிருந்தாள்.

மறுநாள் காலை நேராகப் பதிவு அறைக்குப் போனாள். பொட்டலங்களை வாங்கி எண்ணிட்டு முத்திரை வைக்கிற எழுத்தரை எல்லோரும் அரக்கு அண்ணன் என்பார்கள். இருபத்தைந்து வருஷமாக அரக்கு உருக்கி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நிரந்தரமாகச் சிவந்திருந்தன. ஓய்வுக்குப் பதினொரு மாசம் இருந்தது. அதை அவர் வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நாப்பத்தேழாம் நம்பர் கஞ்சா பார்சல் எதுல வந்துச்சு?”

“பேப்பர் கவர்ல. பதிவேட்டுல இருக்கே மேடம்.”

“பதிவேட்டக் கேக்கல. உங்களக் கேக்கறேன்.”

அரக்கு ஒரு சொட்டு மேஜையில் விழுந்து இறுகியது. அவர் அதை நகத்தால் பெயர்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். அந்தப் போலீஸ்காரப் பையன் எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து, வாசல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டானாம். மனைவிக்கு வலி எடுத்துவிட்டது என்று வீட்டிலிருந்து போன் மேல் போன். பிளாஸ்டிக்கில் வந்த இலையைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பினால் அவனுக்கு மெமோ. எல்லாக் காகிதத்தையும் புதிதாக எழுதிக்கொண்டு மறுபடி வர வேண்டும்.

“பையத் தெறந்தா நாத்தம் கொடலப் புடுங்குச்சு. மூக்கு எரிஞ்சுது. சரி போன்னு ஜன்னலோரம் பேப்பர்ல பரப்பிக் காயவச்சு, கவர் மாத்தி ஒட்டிட்டேன். ஒரு இலையக்கூட எடுக்கல, சேக்கல. இலை இலைதானே மேடம்?”

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. “குழந்த பொறந்துச்சா?” என்று கேட்டாள்.

“பொண்ணு. மறுவாரம் மிட்டாய் கொண்டாந்து குடுத்தான். நீங்களும் தின்னீங்க.”

தின்றது நினைவிருந்தது. ஒரு நல்ல மனசு செய்த காரியம் இப்படிச் சுற்றிக்கொண்டு போய் இன்னொரு நல்ல மனசின் கழுத்தில் விழுந்திருக்கிறது. இரக்கம் தப்பென்று அவளால் நினைக்க முடியவில்லை. ஆனால் அதை மறைத்து வைத்ததுதான் விஷமாகிவிட்டது. இதற்கு முன் எத்தனை தடவை இப்படி என்று கேட்டாள். அவர் விரல் விட்டு எண்ணப் பார்த்தார். ஒரு கை முடிந்ததும் கையை இறக்கிக்கொண்டார்.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு யாரிடமும் போக முடியாது. எண் வேண்டும். அன்று சாயங்காலம் வீட்டு மாடிமுகப்பில் இருந்த செம்பருத்தியிலிருந்து இரண்டு பிடி இலை பறித்தாள். அந்த மழைநாளில் வந்த அதே கன்றுதான். இப்போது இடுப்பு உயரம். மகள் மாதாமாதம் கடையில் வாங்கும் குருணை உரத்தைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. ஒரு பிடியைக் காகித உறையில் போட்டாள். இன்னொரு பிடியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினாள். இரண்டையும் சமையலறை ஜன்னலில் வைத்தாள். பன்னிரண்டு நாள். வழக்குக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது.

அந்த நாட்களில் அவளை அரித்தது வேறு ஒரு கேள்வி. கூண்டில் நின்றவர் யாரோ ஒருவராக இருந்திருந்தால் இதைச் செய்திருப்பேனா? அந்தப் போலீஸ்காரர் சொன்னது அப்போதும் காதில் விழுந்திருக்கும். ஆனால் உள்ளே இறங்கியிருக்குமா? ராத்திரி படுக்கும்முன் கண்ணை மூடிக் கும்பிடும்போது, வழக்கமாகக் கேட்கிற எதையும் கேட்க வாய் வரவில்லை. ‘பார்க்க வை’ என்று மட்டும் கேட்டாள்.

பன்னிரண்டாம் நாள் காலை அவள் பையை அவிழ்த்தபோது, பதினாறு வயதாகிவிட்ட மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். “அம்மா, சமையல்கட்டா இது, பஸ் ஸ்டாண்டு பாத்ரூமா?”

“என்ன நாத்தம் அடிக்குது சொல்லு.”

“அதான் சொன்னேனே. அம்மோனியா. நீதானே சொல்லிக் குடுத்த.” பிறகு குழைந்து கறுத்த இலைகளைப் பார்த்து முகம் மாறினாள். “என் செடியாம்மா?”

“ரெண்டு பிடிதான் எடுத்தேன். ஒரு விஷயம் கேக்கணும் அதுகிட்ட.”

மகள் ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டாள்.

இலைகளைக் கூடத்தில் உலர்த்தி, பொடித்து, கடுகளவு எடுத்து வெள்ளீயத் தாளில் மடித்து, இயந்திரத்துக்குள் போட்டாள். ஏட்டில் ‘முறை சரிபார்ப்பு’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். திரையில் மேடு எழும்பி இறங்கியது. காகித உறையில் இருந்த இலைக்கு எண் இரண்டு. பிளாஸ்டிக் பையில் அழுகிய இலைக்குப் பன்னிரண்டு. ஒரே செடி, ஒரே கிளை. அவளுடைய இரண்டு பக்க அறிக்கையை நம்பி ஒரு மனிதர் நான்கு மாசமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். அவர் கெட்டவர் அல்ல. கூடத்தின் பெயரைத் தன் பெயர்போல நினைப்பவர்.

“ஜட்ஜு கேக்கல. வக்கீலுக்குக் கேக்கத் தெரியல. நீங்களாப் போய் ஏன்மா தலையக் குடுக்கறீங்க?”

“நான் சொன்னதத்தானே சார் அவங்க நம்பினாங்க.”

“இது தெரிஞ்சா பழைய கேஸ் அத்தனையும் தோண்டுவாங்க. தெரியுமில்ல?”

“தோண்டணும் சார்.” நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்ததைச் சொன்னாள். “இன்னொன்னு இருக்கு. அந்த மனுஷர எனக்குத் தெரியும். எப்பவோ என் பொண்ணுக்கு ஒரு நல்லது செஞ்சவர். கோர்ட்டுலதான் பாத்தேன். அதனால மறுசோதனைய நான் தொடக்கூடாது.”

இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று இயக்குநர் முகத்தில் எழுதியிருந்தது. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அடுத்த அறையில் வேலை செய்யும் இளைய பகுப்பாய்வாளரைக் கூப்பிட்டார். பாதுகாப்பு அறையிலிருந்து நாற்பத்தேழாம் பொட்டலத்தை எடுக்கச் சொன்னார். இலை கெட்டிருந்தாலும் அதோடு வந்த தண்டு கெட்டி. பன்னிரண்டு நாளில் அதன் உள்தண்டு அழுகியிருக்காது. மேல்தோலைச் சீவிவிட்டு உள்ளே இருப்பதைச் சோதித்தால் செடி எங்கே வளர்ந்தது என்று தெரிந்துவிடும். எருதான் என்று தெரிந்தாலும் தெரியலாம். அப்படி வந்துவிட்டால் அவள் கெடுத்துக்கொண்ட பெயர் மட்டுந்தான் மிச்சம்.

மறுநாள் நடைபாதைப் பெஞ்சில் அவள் காத்திருந்தாள். கதவுக்குப் பின்னால் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. உள்ளே இருக்கிற பையன் வேலை செய்யும்போது சீட்டியடிப்பவன். சீட்டி எப்போது நிற்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தாள். அரக்கு அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் நான்காக மடித்த தாள்.

“என்ன எழுதினீங்க ரிப்போர்ட்டுல?”

“நடந்தது. பாதி நைட்ரஜன் இல்லாதத நான் கவனிக்காம விட்டதுதான் முதல் வரி.”

“என் பேரு?”

“எழுதியாகணும்ணே. இன்னும் எழுதல. கை வரல.”

“நீங்க எழுத வேணாம்.” தாளை அவள் மடியில் வைத்தார். “நானே எழுதிட்டேன். எந்தெந்த நம்பர்னு நெனவு இருக்கறதையும் போட்டிருக்கேன். பதினொரு மாசந்தான்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். அந்த ஆளு எத்தன மாசம்னு யாருகிட்ட சொல்லுவாரு?” சொல்லிவிட்டு, சிவந்த விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். போகாத சிவப்பு என்று தெரிந்தும் துடைத்தார்.

உள்ளே சீட்டி நின்றது. கதவு திறந்தது. “மூணு தண்டும் பாத்தாச்சு மேடம்” என்றான் பையன். “ஒன்னரை, ஒன்னு, ஒன்னரை. இது எருவுல வளந்தது இல்ல.”

அதற்குப் பிறகு நடந்தவை காகிதங்கள் நடந்த வேகத்தில் நடந்தன. புதிய அறிக்கை நீதிமன்றத்துக்குப் போனது. அவள் மறுபடி கூண்டில் ஏறி, முதலில் சொன்னது பிழை என்று சொன்னாள். அரசு வக்கீல் ஒரு மணி நேரம் அவளை வறுத்தெடுத்தார். ஒவ்வொரு கேள்விக்கும், ஆமாம், அதை நான் கவனித்திருக்க வேண்டும் என்றே பதில் சொன்னாள். கண்ணாடி வீட்டுப் பக்கம் விசாரணை திரும்பியது. கூடத்தில் ஐந்து வருஷத்துப் பொட்டலங்களை மறுபடி எடுக்க உத்தரவாயிற்று. அரக்கு அண்ணன் பணியிடை நீக்கத்தில் வீட்டில் இருந்தார். அவள் பெயரை ஒரு வருஷத்துக்குச் சாட்சிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய பொட்டலங்களைப் பிரிக்கிற வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். யார் யாருடையவோ. பெயர் இல்லை, எண் மட்டும்.

நாற்றுப்பண்ணைக்காரரை விடச் சொல்லி வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. சிறையிலிருந்து வெளியே வர மறுநாள் மதியம் ஆகிவிடும் என்றார்கள். பண்ணைக்கு வைத்திருந்த போலீஸ் முத்திரையைக் காலையிலேயே எடுத்துவிட்டார்கள் என்பதையும் தெரிந்துகொண்டாள்.

சனிக்கிழமை அவள் பஸ் பிடித்துப் போனாள். தோள் பையில் மடித்த புது நீலத் தார்ப்பாய் இருந்தது. கடையில் அளவு கேட்டபோது, “ஒரு தள்ளுவண்டி அளவு... இல்ல, அதவிடப் பெருசு” என்று சொல்லியிருந்தாள். வாசற்படல் சாத்தியிருந்தது. யாரும் இல்லை. அவர் மனைவி சிறை வாசலுக்குப் போயிருப்பார். உள்ளே வரிசை வரிசையாக நாற்றுத் தட்டுகள். தேடுதலின்போது மேல்கூரைத் துணியைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். நடுவில் இருந்தவை காய்ந்து சருகாகிவிட்டன. வேலியை ஒட்டி மட்டும் ஒரு பாய் அகலத்துக்குப் பச்சை. வேலிக் கம்பிக்குள் ஒரு ரப்பர் குழாயின் முனை செருகியபடி இருந்தது. உள்ளே வரக்கூடாது என்று சீல் வைத்த நாலு மாசமும், அந்தப் பெண்மணி வெளியே நின்றே எட்டிய வரைக்கும் தண்ணீர் விட்டிருக்கிறார்.

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தட்டின் கொஞ்ச மண்ணில் நாலு இலையோடு நின்றுவிட்ட நாற்று. ஒரு நல்ல மழை அடித்தால் தலை நிமிராது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படலைத் தள்ளினாள். தார்ப்பாயை விரித்து, ஒரு முனையை வேலிக் கம்பத்தில் கட்டினாள். இரண்டாவதை அடுத்த கம்பத்தில் கட்டினாள். மூன்றாவதைப் பழைய கூரைக் கழியில் கட்டினாள். நாலாவது கழி முறிந்து கிடந்தது. அந்த முனையைக் கையில் பிடித்துக்கொண்டு எதில் கட்டுவது என்று சுற்றிப் பார்ப்பதற்குள் மழை இறங்கிவிட்டது.

அவள் அப்படியே நின்றாள். கையை உயர்த்தி, தண்ணீர் தேங்கிக் கிழியாமல் சரிந்து ஓடும்படி முனையைத் தூக்கிப் பிடித்தாள். தலையிலிருந்து நீர் இறங்கிக் கண்ணை மறைத்தது. தோள் வலித்தது. கை மாற்றினாள். மறுபடியும் மாற்றினாள். இரண்டு மணி நேரம் ஒருவர் இப்படி நிற்பது எப்படி என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அதுவும் பக்கத்தில் ஒரு குழந்தை கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க.

மழை சற்றுத் தணிந்தபோது தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. அவசரமாக ஒரு செங்கல்லைத் தேடி எடுத்தாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, அதன் கயிற்றால் தார்ப்பாயின் முனையைச் செங்கல்லோடு சேர்த்து இறுக்கி, மண்திட்டின்மேல் ஏற்றி வைத்தாள். எழுத்து எதுவும் இல்லாத வெறும் கயிறு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வேலிப் பக்கமாக நடந்தாள்.

வண்டி வாசலில் வந்து நின்றது. நீலத் துணியின் நாலாவது முனையில் மழைநீர் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, ஈரம் படாத மண்ணில், நாற்றுகள் அசையாமல் நின்றன.